புதுப் பலகை யார் செலவில்?

கோழிக்கடை எரிந்ததற்கு ஊர் முழுக்க ஒரே காரணம்தான் வைத்திருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் றிஸான்.

ஏறாவூர்ப் பொடியன். தேற்றாத்தீவுப் பக்கம் கல்முனை வீதியோரத்தில் இருந்த 'செங்கொண்டை பிரைட் சிக்கன்' கடையில் பொரிக்கிற வேலை. கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்திருந்த வாரத்தில், முதலாளி வேண்டாமென்று சொல்லியும் வெளியூரில் இருந்து வந்த ஓடருக்காகக் களவாக எண்ணெய்ச் சட்டியைப் போட்டானாம். சுவிச்சை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போனானாம். கடை எரிந்தது. உள்ளே இருந்த கவுண்டர்ப் பிள்ளை தனுஷா செத்துப்போனாள். இது பொலிஸ் சொன்ன கதை, அவனைப் பிடித்து உள்ளேயும் வைத்துவிட்டார்கள். ஊர் சொன்ன கதையில் ஒரு வரி கூடுதல்: அம்மன் கோபித்துவிட்டாள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் அம்மனின் கதவு திறந்தால், குளிர்த்தி பாடி அடைக்கும் வரைக்கும் ஊரில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, பொரியல் இல்லை, தாளிதம்கூட இல்லை. மதுரையை எரித்துவிட்டு வந்தவளைக் குளிர வைக்கிற நாட்கள் அவை. அப்போது எண்ணெயைக் கொதிக்க வைப்பது அவளைச் சீண்டுவதுபோல. நான் காத்தான்குடிக்காரன், எனக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் அந்த வாரத்தில் என் உம்மா பக்கத்து ஊர்ச் சினேகிதி வீட்டுக்கு ஒரு பொரியல் கொடுத்தனுப்ப மாட்டார். "எங்கட சட்டி எங்கட ஊட்டோட இரிக்கட்டும்" என்பார்.

றிஸானின் மனைவி நுஸ்றா எங்கள் அலுவலகப் படியேறி வந்தது பகல் பதினொரு மணியளவில். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புளியந்தீவில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள அறை. தையல் மெஷின் ஓடும்போது எங்கள் மேசையும் சேர்ந்து நடுங்கும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் அன்னப்பூரணி அக்கா. முன்பு இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றுக்காக எரிந்த கடைகளைப் போய்ப் பார்த்து வந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். வாயில் எப்போதும் ஒரு கராம்பு. சிரிப்பதில்லை, அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். அதோடு திறீவீல் ஓட்டுவதும் என் வேலை.

"அவர் பொரிக்கல்ல மெடம்," என்றாள் நுஸ்றா. "அந்தக் கிழம முழுக்க ஐஸ்கிறீமும் சோடாவும்தான் வித்தவங்க. சட்டியக் கழுவித் துடைச்சு வச்சிட்டு, அண்டைக்குப் பகல் ஊட்ட வந்து எங்களோட சோறு தின்டாரு. இத நான் சொன்னா, பொஞ்சாதி வேறென்னத்தச் சொல்லுவாள் எண்டு சிரிக்காங்க."

"முதலாளி என்ன சொல்றார்?" என்று அக்கா கேட்டார்.

"அழகரத்தினம் முதலாளிதான் பொலிசில சொன்னதே. 'நான் வேணாமெண்டன், அவன் கேக்கல்ல' எண்டு. செத்தது அவர்ட தங்கச்சிட புள்ள. அவர் சொன்னா ஆரு நம்பமாட்டாங்க? இவர்ட தம்பி அந்த ரோட்டால மீன் கொண்டு போறவன். இனி இந்தப் பக்கம் வரப்படாதெண்டு மறிச்சிட்டாங்க. சவக்காலையில அந்தப் புள்ளட உம்மா மண்ணள்ளி வீசி எங்கட ஊட்டுக்காரரத் திட்டினாவாம் மெடம். நாங்க அந்தப் புள்ளக்கி என்ன அநியாயம் செஞ்ச?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

* * *

கடை வாசலில் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புச் சேவலின் முகம் பாதி உருகி, ஒரு கண் கீழே வழிந்திருந்தது.

"சேவலுக்கு வந்த கேடு அக்கா," என்றேன். "கடைக்குள்ளயும் பொரியல், பலகையிலயும் பொரியல்."

அக்கா காது கொடுக்காமல் உள்ளே போனார். குசினிச் சுவரில் பதித்த சிவப்பு ஓடுகள் வெடித்துக் கிடந்தன. போன வருடம்தான் பதித்தவையாம். மூலையில் மின்சாரப் பொரியல் சட்டி. சுவிச் போட்டபடியே இருந்தது. பொலிசின் ஒரே சாட்சி அந்தச் சுவிச்தான்.

அக்கா சட்டிக்குள் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். விரலை ஊதினார். சாம்பல் பறந்தது.

"எண்ணெய் எரிஞ்ச சட்டி எப்பிடி இருக்கும் அக்ரம்?"

"எங்கட ஊட்டுச் சட்டிய உம்மா சுரண்டிச் சுரண்டியே வயசு போனவ அக்கா. பிசினாட்டம் ஒட்டிக் கிடக்கும்."

"இதுல ஒட்டு ஒண்டுமில்ல. இந்தச் சட்டிக்குள்ள எண்ணெயே இருக்கல்ல."

"அப்ப எண்ணெய் எங்க?"

அதைத் தேடத்தான் பின்பக்கம் போனோம். கிணற்றடியில், தென்னைக்குக் கீழே, பின்னிய ஓலைக் கிடுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் காலால் தட்டினேன். தகரம் கிண்ணென்றது. கிடுகைத் தூக்கினால் வரிசையாக எண்ணெய் டின்கள். ஒன்றின் மூடிகூட உடைக்கப்படவில்லை.

"கள்ளன் ஒளிச்சு வச்சிருக்கான்," என்றேன்.

"கள்ளன் எண்டா இவ்வளவு நாளைக்குள்ள கொண்டு போயிருப்பான். கடை எரிஞ்ச பிறகு இந்தப் பக்கம் ஆர் பாக்கிறது?" என்றார் அக்கா.

பின்கதவில் பூட்டு வெளியே இருந்துதான் போடப்பட்டிருந்தது. தீயணைக்க வந்தவர்கள் உடைத்த அடையாளம் தெரிந்தது. கதவுக்கு உட்புறம் உடுப்பு மாற்றுகிற சின்ன அறை. பழைய சேவல் படம் அச்சடித்த சாப்பாட்டுப் பெட்டிகளைத் தட்டையாகக் கட்டி அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். கம்பனி கடைச் சின்னத்தை மாற்றப்போகிறது, இனி அவை குப்பைக்குத்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விரதத்தோடு கோயிலுக்குப் போக உடுப்பு மாற்ற வந்த தனுஷா, களைப்பில் அந்தப் பெட்டிகளின் மேல் சாய்ந்திருக்கிறாள். கண்ணயர்ந்திருக்கிறாள். தீயணைத்தவர்கள் அவளை அங்கேதான் கண்டார்களாம். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அதற்குப் பிறகு அந்த வளவில் நான் பகிடி விடவில்லை.

* * *

"சின்னத்தை மாத்துற உரிமை கம்பனிக்கு. மாத்துற செலவு கடைக்கு," என்றான் திவாகரன்.

திவாகரன், செங்கொண்டைக் கம்பனியின் கிழக்குப் பகுதி மனேஜர். கொழும்புக்காரன். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தான். ஜன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் தகதகத்தது. உள்ளே ஏசியில் எனக்குப் பல் கிட்டியது.

"விளக்கமா," என்றார் அக்கா.

"எங்க கம்பனியை வேற ஆட்கள் வாங்கிட்டாங்க மெடம். பேர் இனி 'கொக்ரிலா'. சிவப்புச் சேவல் போய் நீலச் சேவல். பலகை, சுவர் ஓடு, உடுப்பு, பெட்டி, மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கர் வரைக்கும் எல்லாக் கடையும் மாத்தணும். ஒப்பந்தத்தில அப்படித்தான் இருக்கு. வாசிச்சுத்தானே கையெழுத்து வச்சாங்க?"

"கொக்ரிலாவா?" என்றேன். "வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்துப் பேர் மாதிரி இருக்கு சேர்."

அவன் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தான்.

"சிவப்பு ஓடு பதிக்கச் சொன்னதும் நீங்கதானே? போன வருசம்?"

"அது அப்போதைய சின்னத்துக்கு."

"அதாவது," என்றேன் நான், "மாப்பிள்ளை நினைச்ச நேரம் பேரை மாத்துவார். கலியாணக் கார்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது பொம்புள ஊட்டுக்காரர்."

"மாத்தாட்டி?" என்று அக்கா கேட்டார்.

"கடையை வேற ஆளுக்குக் குடுப்போம். அழகரத்தினத்துக்கும் அதைத்தான் சொன்னேன். எரிஞ்ச அன்றைக்குக் காலையிலயும் போனேன். சண்டைதான். சிக்கன் கடையில சிக்கன் இல்லை எண்டாங்க மெடம்! ரெண்டு துண்டு பொரிச்சுத் தா எண்டா, ஏதோ கோயில், ஏதோ கதவு எண்டாங்க. எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. கத்திட்டு வந்தேன்."

"ஒரு கடையாவது செலவில்லாம மாத்தினதா?"

திவாகரன் முதல்தடவையாகச் சிரித்தான். "தெற்கில ஒரு கடை. எரிஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் காசில புதுக் கட்டடம், புதுப் பலகை. 'எங்க ஆட்கள்ல செலவில்லாமச் சின்னம் மாத்தினவர் அவர் ஒருத்தர்தான்' எண்டு கடைக்காரர்களுக்குச் சொல்லுவேன். சும்மா பகிடிக்கு."

அந்தப் பகிடிக்கு நானே சிரிக்கவில்லை.

வெளியே வந்து திறீவீலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா பாதி வழியில் நின்று, திரும்பிப் போய் விடுதி வாசலில் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னான். என்ன கேட்டார் என்று எனக்குச் சொல்லவில்லை. கராம்பைக் கன்னம் மாற்றிக்கொண்டு பின்சீற்றில் ஏறினார்.

"இவன்தான் அக்கா," என்றேன் பாலத்தில் ஏறும்போது. "காலையில சண்டை. பலகை மாத்தாத ஆள்ட கடை எரிஞ்சா கம்பனிக்கு நல்லம். மற்றது, கோயில் விசயம் இவனுக்குத் தெரியாது. கதவு திறந்த கிழமையில ஊருக்குள்ள எவனும் பொரிக்கமாட்டான் எண்டு தெரியாதவன்தான், பொரியல் சட்டியால தீப் பிடிச்சதாக் காட்டப் பாப்பான். தெரிஞ்சவன் வேற வழி தேடியிருப்பான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்கவில்லை.

"நல்லாத்தான் யோசிச்சிருக்காய்," என்றார் அக்கா. "ஆனா கோயில் விசயம் தெரியாத ஆள் எண்ணெயத் தூக்கி வெளியில வைப்பானா?"

முன்னால் போன சைக்கிளுக்கு வீணாக ஒரு ஹோர்ன் அடித்தேன்.

"அவனுக்கு வேலை லேசு அக்ரம். எண்ணெய ஊத்தி, சுவிச்சப் போட்டு, போயிரலாம். தீ வைக்க வந்தவனுக்கு அதவிட நல்ல சாமான் கிடைக்குமா? இஞ்ச ஒருத்தன் அத்தினை டின்னையும் தூக்கி வெளியில வச்சு, கிடுகால மூடியும் இருக்கான். மறுகா வெறும் சட்டிக்குச் சுவிச்சப் போட்டிருக்கான். ஏன்?"

எனக்கு உம்மாவின் குரல் கேட்டது. எங்கட சட்டி எங்கட ஊட்டோட இரிக்கட்டும்.

"அம்மன்ட கதவு திறந்து கிடந்தது," என்றேன் மெதுவாக. "தீ வைக்கத் துணிஞ்சவனுக்கு எண்ணெய் கொதிக்க வைக்கத் துணிவு வரல்ல."

"இடக்கைப் பக்கம் திருப்பு," என்றார் அக்கா. "செத்த வீட்டுக்குப் போகணும்."

* * *

இரத்தினம்மாவின் வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்ரிக் கதிரைகள் காலியாகக் கிடந்தன. தனுஷாவின் தாய் இரத்தினம்மா உள்ளே வாசற்படியோடு பாயில் இருந்தார். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன்தான் எல்லாம் பார்த்தவர். அந்தத் தாய்மாமன் அழகரத்தினம் முற்றத்துக் கதிரையில், தாடி வளர்ந்து, வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து இருந்தார். அவருடைய துக்கம் நடிப்பில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

அக்கா எதிரே நின்றார்.

"எண்ணெய் டின்னெல்லாம் எங்க வச்சிருந்தீங்க ஐயா?"

"குசினிக்குள்ளதான் பிள்ளை. எல்லாம் எரிஞ்சு போச்சு."

"எரியல்ல. கிணத்தடியில கிடுகால மூடிக் கிடக்கு. ஒண்டும் உடைக்கல்ல."

அழகரத்தினம் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப அவன்தான்... றிஸான்தான் களவெடுக்க வச்சிருப்பான்."

"சரி. அவன் எண்ணெயக் களவெடுத்து வெளியில வச்சான் எண்டா, அண்டைக்கு அவன் பொரிக்கல்ல. பொரிச்சான் எண்டா, எண்ணெய் சட்டிக்குள்ள இருந்திருக்கணும். ரெண்டில எது ஐயா? பொலிசில நீங்க பொரிச்சான் எண்டு சொல்லியிருக்கீங்க."

வாசற்படியில் பாய் சரசரத்தது. இரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"திவாகரனிட்ட ஒண்டு கேட்டன்," என்றார் அக்கா. "தெற்கில எரிஞ்ச கடையின்ட கதைய உங்களுக்கும் சொன்னதா எண்டு. சொன்னதாம். எல்லாரும் சிரிச்ச பகிடிக்கு நீங்க மட்டும் சிரிக்கல்லையாம். அந்தக் கடையில தீ எப்பிடிப் பிடிச்சது எண்டு கேட்டீங்களாம். வேலையாள் பொரியல் சட்டியை மறந்து விட்டுட்டான் எண்டு அவன் சொன்னானாம்."

"நான் ஏன் என்ட கடைய எரிக்கணும்?"

"புதுப் பலகைக்கு ஒப்பந்தத்தில உங்கட செலவு. எரிஞ்சா இன்சூரன்ஸ்ட செலவு. கடை உங்கட கையை விட்டுப் போகாது."

"என்ட தங்கச்சிட பிள்ளை செத்துக் கிடக்கிற வீட்டில நிண்டு என்னகா கதைக்கிறாய் நீ?" அழகரத்தினம் எழுந்துவிட்டார். குரல் உடைந்தது. கை கோயில் இருந்த திசைக்கு நீண்டது. "அம்மன் அறியச் சொல்றன், நான் எண்ணெயக் கொதிக்க வைக்கல்ல! என்ட குடும்பமே அழிஞ்சு போகட்டும், அந்தக் கிழமையில நான் ஒரு துளி எண்ணெய் அடுப்பில வைக்கல்ல!"

"நம்புறன்," என்றார் அக்கா. "நீங்க வைக்கல்ல. இப்ப அதே மாதிரிக் கையை நீட்டி, அம்மன் அறிய நான் தீ வைக்கல்ல எண்டும் சொல்லுங்க. நாங்க போயிருவம்."

அழகரத்தினத்தின் கை நீண்டபடியே நின்றது. வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. பொலிசில் ஒரு பொய்யை மளமளவென்று சொன்ன மனிசனுக்கு, அந்தத் திசையைப் பார்த்து அது வரவில்லை. கை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு அவரும் இறங்கி, முற்றத்து மணலில் இருந்துவிட்டார்.

"சொல்லுங்க அண்ணன்," என்றார் இரத்தினம்மா உள்ளிருந்து. "அவங்க கேக்கிறதச் சொல்லுங்க."

அவர் மணலைப் பார்த்தே சொன்னார். ஊரே கோயிலில் நின்ற மத்தியானம். ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்த பெற்றோல். அது பற்றுவதற்குள் தான் கோயிலுக்குப் போய்ச் சேர, மெல்லப் புகைந்து எரிகிற கொசுவிரட்டிச் சுருள், ஒரு நுளம்புத்திரி. றிஸான் வீட்டுக்குப் போய்விட்டான், கடையில் எவருமில்லை என்று நினைத்தாராம். கள்ளர் புகாமலிருக்க முன்கதவையும் பின்கதவையும் பூட்டினாராம்.

"எரியப் போற கடைக்குப் பூட்டு," என்று என் வாயில் வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

"அந்தப் பொடியனுக்கு ஒண்டும் ஆகாதெண்டு நினைச்சன். கவனயீனம் எண்டு எச்சரிச்சு விட்டிருவாங்க எண்டு. இவள் உள்ள இருப்பாள் எண்டு ஆருக்குத் தெரியும்? தங்கச்சி, என்ட கண்ணால காணல்ல. கண்டா நான் அந்தத் தீக்குள்ள பாய்ஞ்சிருக்க மாட்டனா?"

இரத்தினம்மா எழுந்து படியில் வந்து நின்றார். ஒல்லியான மனிசி. கத்துவார், அடிப்பார் என்று நான் பயந்தேன். ஒன்றுமில்லை. களைத்த குரலில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எண்ணெய் டின்னை ஒவ்வொண்டா உள்ள போய்ப் பாத்து, தூக்கி, வெளியில பக்குவமா வச்சிருக்கீங்க. பக்கத்து அறைக் கதவ ஒருக்காத் தள்ளிப் பாக்கல்லையா அண்ணன்?"

அழகரத்தினம் நெற்றியை மணலில் வைத்தார். அந்த முதுகு குலுங்கியதைப் பார்க்க முடியாமல் நான் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் வேறெங்கோ பார்த்தார். கொலைகாரனைக் கண்டுபிடித்த சந்தோசம் எங்கள் இருவருக்கும் இல்லை.

"தங்கச்சி," என்று அவர் கெஞ்சினார். "பொலிசுக்குச் சொல்லாத. உனக்கும் நான் ஒராள்தானே மிச்சம். அந்தப் பொடியனுக்கு நல்ல லோயரா வைப்பன். எப்பிடியும் வெளியில எடுப்பன். நான் உள்ள போயிட்டா உன்ன ஆர் பாக்கிறது?"

அது உண்மைதான். அவருக்குப் பிறகு இரத்தினம்மாவுக்கு அந்த வளவில் ஒரு மனிசரில்லை. எங்களிடம் இருந்ததோ கொஞ்ச எண்ணெய் டின்னும் ஒரு சுத்தமான சட்டியும்தான். நாளைக்கு இவர் நான் அப்படிச் சொல்லவேயில்லை என்றால், நுஸ்றாவுக்காக வந்த எங்கள் சொல் எடுபடாது, கேட்டவள் என்று நிற்க அந்தத் தாய் ஒருத்திதான். எல்லாம் இரத்தினம்மா கையில் என்பது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் அக்கா ஓரடி பின்வாங்கி நின்றார்.

இரத்தினம்மா என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பொடியன்ட பொஞ்சாதிக்குக் கோல் எடுத்துத் தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். நுஸ்றாவின் "ஹலோ அக்ரம் காக்கா" எனக்கும் கேட்டது.

"நான் தனுஷாட அம்மா கதைக்கிறன்," என்றார். "சவக்காலையில உன்ட புரிசனுக்கு மண்ணள்ளி வீசினவள் நான்தான் புள்ள. அவன் ஒண்டும் செய்யல்ல. செஞ்சது என்ட கூடப்பிறந்தவர்."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். உள்ளே போனார். சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, செருப்போடு திரும்பி வந்தார். மணலில் கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, திறீவீலில் ஏறி உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் ஏறினார்.

"முதல்ல ஏறாவூருக்கா, பொலிசுக்கா அம்மா?" என்று கேட்டேன்.

"பொலிசுக்கு," என்றார் இரத்தினம்மா. "அவள்ட புரிசன் ஊட்ட வந்த பிறகுதான் அவள்ட முகத்த நான் பாக்கலாம்."